மச்சாள் வென்ற கிழமை

என்னோடு ரொறன்ரோ சென் ஜேம்ஸ் ரவுணில் வளர்ந்தவர்களே, இப்போது உங்களில் பாதிப் பேருக்கு முழங்கால் வலி, மீதிப் பேருக்கு இரத்த அழுத்தம். எனக்கு இரண்டும். பகலில் சம்பளத்துக்கு ஒரு வேலை, வீட்டுக்கு வந்தால் அம்மாவைப் பார்க்கிற வேலை, இரண்டுக்கும் நடுவில் நகரத்தின் கிழக்கு விளிம்பில் ரூஜ் வரைக்கும் பஸ்ஸில் தூங்கி வழிகிற வேலை. இந்தக் கதையை எழுத வேண்டும் என்று கனகாலமாக நினைத்து, ஒவ்வொரு முறையும் கொட்டாவி விட்டுக்கொண்டு படுத்துவிட்டேன். இந்த ஓகஸ்டில் நடந்த ஒன்றுக்குப் பிறகு படுத்தாலும் நித்திரை வருவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

மச்சாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு கோடையில் எங்கள் வீட்டில் வந்து நின்ற பிரெஞ்சு ரெனிஸ்காரி. நெடிய உருவம், நல்ல கறுப்பு, கட்டையாக வெட்டிய தலைமயிர். லிஃப்ற்றுக்குள் அவள் ஏறினால் நாங்கள் அவளுடைய இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்ப்போம். வலது கை இடது கையைவிட அவ்வளவு தடிப்பு. மூன்றாம் மாடிப் பையன் ஒருவன், ஒரு கைக்கு மட்டும்தான் சாப்பாடு கொடுக்கிறாளோ என்று கேட்டு எங்களைச் சிரிக்க வைத்தது நினைவிருக்கிறதா?

அவள் என் தாய்மாமனின் மகள். அம்மாவுக்கு அந்த ஒரே ஓர் அண்ணன்தான். நாங்கள் கனடாவுக்கு வருவதற்கு முன்பே மாமா பரிஸில் இறங்கி அங்கேயே தங்கிவிட்டார். நகரத்துக்கு வெளியே ஒரு ரெனிஸ் கிளப்பில் அவருக்கு வேலை. செம்மண் கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளிப்பது, ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் பெரிய வலை ஒன்றை இழுத்து மண்ணைச் சமன் செய்வது, வெள்ளைக் கோடுகளைக் கூட்டித் துலக்குவது. பள்ளிக்கூடம் விட்டதும் மச்சாளும் அங்கேதான் போவாள். வீட்டில் பார்க்க ஆள் இல்லை. யாரோ கைவிட்ட மட்டையை எடுத்துக் கிளப்பின் பின்சுவரில் அடித்துக்கொண்டே இருப்பாளாம். அதை ஒரு பயிற்சியாளர் கண்டார். அப்படித்தான் எல்லாம் தொடங்கியது. இளையோர் போட்டிகள், பிரான்ஸ் கொடி தைத்த மேற்சட்டை, பதினேழு வயதில் தொழில்முறை ஆட்டக்காரி. மாமா மட்டைக்கு நரம்பு பூட்டப் பழகிக்கொண்டார். அவர் பூட்டிய மட்டையைத் தவிர வேறு எதையும் மச்சாள் தொட மாட்டாள்.

ஆனால் எங்கள் வீட்டில் அவளுடைய தொழிலை விளங்கிக்கொண்ட விதம் வேறு. ஊர் ஊராகப் போய்த் தோற்பதுதான் அவளுடைய வேலை என்று நினைத்திருந்தோம். பெரிய போட்டிகளுக்குள் போவதற்கு முன் தகுதிச் சுற்று என்று ஒரு வாசல் இருக்கிறது. தரவரிசையில் கீழே இருப்பவர்கள் அங்கே அடிபட்டு மிஞ்சினால்தான் உள்ளே விடுவார்கள். மச்சாள் அந்த வாசலிலேயே நின்றுவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா ரெலிபோன் எடுத்து, "இந்த முறையும் மயிரிழையில போச்சு தங்கச்சி" என்பார். அம்மா ரிசீவரை வைத்துவிட்டு, "பாவம் அண்ணை. உந்தப் பிள்ளை ஒரு கொம்பியூட்டராவது படிச்சிருக்கலாம்" என்று பெருமூச்சு விடுவார்.

அந்தக் கோடை அவளுக்குக் கடைசித் தவணை. அதுவரை செலவைப் பார்த்துவந்தவர்கள், இந்த வருடமும் பெரிய போட்டி ஒன்றின் உள்ளே போகாவிட்டால் இனி உதவி இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். தகுதிச் சுற்றில் அவளுக்கு இடம் கிடைத்து மிச்சமிருந்த பெரிய போட்டி ரொறன்ரோவில் நடப்பதுதான். ஹோட்டலுக்குப் போகாமல் மாமி வீட்டில் நில் என்று மாமா அனுப்பி வைத்தார். அவள் உள்ளே போனால் லூர்து மாதாவிடம் வருவதாக நேர்த்தியும் வைத்திருந்தார்.

எங்கள் இரண்டு அறை வீட்டில் அவள் என் பக்கத்தில் நிலத்தில் மெத்தை போட்டுப் படுத்தாள். அவளுடைய பெரிய பையைத் திறந்தால் றப்பர் மணமும் நோவெண்ணெய் மணமும் வரும். காலுறைகள் எல்லாம் வெள்ளையாகப் பிறந்து இளஞ்சிவப்பாகிப் போனவை. "எங்கட கிளப் மண்" என்று சிரித்தாள். அவளுடைய தமிழ் எங்களுடைய தமிழ்தான், ரகரம் மட்டும் தொண்டைக்குள் உருளும். வாகனத் தரிப்பிடச் சுவரில் எனக்குப் பந்து அடிக்கக் காட்டித் தந்தாள். நான் அடித்த பந்துகள் எல்லாம் கார்களுக்குக் கீழே போயின. அவளே குனிந்து படுத்து எடுத்துத் தந்தாள்.

சனிக்கிழமை காலை தகுதிச் சுற்றின் முதல் ஆட்டம். நகரத்தின் வடக்கே, பல்கலைக்கழக வளாகத்துக்குள்தான் அப்போது அரங்கம் இருந்தது. அப்பா அவளைச் சுரங்க ரயிலிலும் பஸ்ஸிலும் கூட்டிக்கொண்டு போனார். அவர்கள் போய்க் கொஞ்ச நேரத்தில் ரெலிபோன் அடித்தது. உங்கள் வீடுகளிலும் இருந்த அதே வெளிர்மஞ்சள் ரெலிபோன், சுருள் வயரை இழுத்தால் குசினி வரைக்கும் வரும். அம்மா உருளைக்கிழங்கு உரித்தபடி அதைத் தோளில் இடுக்கிக்கொண்டார். பிறகு கத்தி விழுந்தது.

பேசியது பரிஸ் மாமி, மாமாவின் மனைவி. மாமா கிளப்பில், வலையை இழுத்துக்கொண்டிருந்தபோதே கோர்ட்டில் விழுந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் உயிர் போய்விட்டதாம்.

அம்மா நிலத்தில் இருந்தபடி, வயரைக் கையில் சுற்றிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். மாமாவை நான் கண்டதே இல்லை, அம்மா அழுததைக் கண்டுதான் அழுதேன். பிறகு இரண்டு பெண்களும் ரெலிபோனிலேயே ஒரு முடிவுக்கு வந்தார்கள். உங்கள் வீடுகளில் எடுக்கப்பட்ட எத்தனையோ முடிவுகளின் அதே வகைதான். சோதனை எழுதப்போகிற பிள்ளைக்குச் சாவுச் செய்தி சொல்வதில்லை. பிள்ளைத்தாச்சிக்குச் சொல்வதில்லை. விளையாடப் போகிறவளுக்கும் சொல்வதில்லை.

"இண்டைக்கு இல்லாட்டி நாளைக்கு எப்பிடியும் தோத்திடுவாள்," என்றார் அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "தோத்த உடன சொல்லிப் பிளேன் ஏத்திவிடுறன். அதுமட்டும் அண்ணை லூர்துக்குப் போட்டார் எண்டு சொல்லுங்கோ."

ஓகஸ்டில் பரிஸில் எங்கள் சனம் பாதி லூர்துக்குப் போகிற காலம். அங்கே ரெலிபோனில் ஆளைப் பிடிக்க முடியாது. பொய்க்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

மத்தியானம் மச்சாள் வென்றுவிட்டு வந்தாள். அரங்கத்திலிருந்தே பரிஸுக்கு எடுத்துப் பேசியிருந்தாள். "பாருங்கோ மாமி, நான் உள்ளுக்குப் போக முதலே அப்பா நேர்த்தி குடுக்கப் போட்டாராம்! அவ்வளவு அவசரம். வந்த உடன எடுக்கச் சொல்லுங்கோ எண்டு அம்மாட்டச் சொன்னனான்."

"ஓம் பிள்ளை," என்றார் அம்மா. உடனே அவளுடைய காலுறைகளை வாளியில் போட்டுக்கொண்டு குளியலறைக்குள் போனார். குழாய் நெடுநேரம் ஓடியது. அவர் வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன, காலுறைகள் பால் வெள்ளையாக இருந்தன. பிளீச் மணம் வீடு முழுவதும் அடித்தது. பல்கனிக் கம்பியில் அவற்றைக் காயப்போட்டதை மச்சாள் கவனிக்கவில்லை.

ஞாயிறு தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்துக்கு அம்மாவும் வந்தார். வெள்ளை உடுக்க வேண்டியவர், மயில்நீலச் சீலை உடுத்துப் பொட்டும் வைத்துக்கொண்டு வந்தார். சீலைத் தலைப்புக்குள் செபமாலை. அரங்கத்தின் ஒதுக்குப்புறத்தில் ஒரு சின்னக் கோர்ட், நாலு வரிசை அலுமினியப் பலகை, வெயிலில் கொதிக்கும் பச்சைத் தரை. மச்சாள் ஒவ்வொரு முறை பந்து போட வரும்போதும் சப்பாத்தால் கோட்டைத் தேய்த்துத் துலக்குவாள். அங்கே துலக்க மண்ணே இல்லை. அது மாமாவின் வேலை, அவளுடைய காலுக்குள் போயிருந்தது. அதைக் காணும்போதெல்லாம் அம்மா என் தொடையை இறுகப் பிடிப்பார்.

அந்த ஆட்டத்தில் அம்மா என்ன வேண்டிச் செபித்தார் என்று எனக்குத் தெரியும். உதடு அசைவதை வாசித்தேன். மாதாவே, இவள் தோற்கவேண்டும்.

அவள் வென்றாள். வாழ்நாளில் முதல் தடவையாக உள்ளே போனாள். மட்டையை எறிந்துவிட்டு ஓடிவந்து, வேலிக்கு மேலாக அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தினாள். அம்மா அவளுடைய வியர்வைக் கழுத்தில் முகம் புதைத்து ஓவென்று அழுதார். மகிழ்ச்சிக் கண்ணீர் என்று பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரி ஒருத்தி கைதட்டினாள்.

வீட்டுக்கு வந்து மச்சாள் குளிக்கப் போனதும் அப்பா குசினிக்குள் வந்து கதவைச் சாத்தினார். "இப்ப சொல்லுவம். உது பாவமெல்லே? செத்தது அவளின்ர தேப்பன். அவளிட்ட மறைக்க நாங்கள் ஆர்?"

"இப்ப சொன்னா ஆட்டத்தை விட்டிட்டு ஓடுவாள். அண்ணை ஆசைப்பட்டது இதுதானே? அவற்ற ஆசை நிறைவேறேக்க நான் குறுக்க நிக்கிறதோ? அடுத்தது பெரிய ஆக்களோட. கட்டாயம் தோப்பாள். ஒரு நாள்தானப்பா."

அப்பா கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். சிகரெட்டை விட்டவர் அந்தக் கிழமை திரும்பப் பிடிக்கத் தொடங்கினார்.

அதற்குள் கட்டடம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று எங்கள் ஆட்கள் சாப்பாடு கொண்டுவரத் தொடங்கினார்கள். உங்கள் அம்மாமாரும் கொண்டுவந்தார்கள், நீங்கள் சட்டி தூக்கி வந்தது எனக்கு நினைவிருக்கிறது. இடியப்பம், பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. மச்சாள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து வந்து அம்மாவைக் கட்டிப் பிடித்து அழுவார்கள். அவள் வரும் சத்தம் கேட்டால் கண்ணைத் துடைத்துவிட்டு, "எங்கட சம்பியன் வந்திட்டா!" என்பார்கள். அதே ஆட்கள், கையில் அதே தேத்தண்ணி. மச்சாள் மேசையில் நிறைந்திருந்த சட்டிகளைப் பார்த்து மலைத்துப்போனாள். "கனடாச் சனம் என்ன நல்ல சனம் மாமி! பரிஸில ஆரும் இப்பிடிச் செய்யாயினம்."

முதற் சுற்றிலும் வென்றாள். அவளோடு ஆடியவள் பெயர் பெற்றவள். அடுத்த நாள் பத்திரிகையில் படம் வந்தது. ரெலிபோனில் யாராவது உளறிவிடுவார்கள் என்று அம்மா வயரைக் கழற்றி அரிசி வாளிக்குள் புதைத்து வைத்தார். லைன் பழுது என்றார். மச்சாளுக்கு அதைப்பற்றி யோசிக்க நேரமில்லை. காலையில் பயிற்சி, மத்தியானம் ஆட்டம், பிறகு தோளுக்கு ஐஸ்.

ஒரு பின்னேரம் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. மாமாவுக்காக எங்கள் வரவேற்பறையில் தினமும் செபமாலை சொன்னார்கள். பக்கத்து வீட்டு அன்ரி வழிநடத்த, பதினைந்து பேர் கம்பளத்தில் முழந்தாளில் நின்றார்கள். அன்று மச்சாள் எதிர்பார்த்ததைவிட முந்தி வந்துவிட்டாள். கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். அன்ரி சொல்லிக்கொண்டிருந்த செபத்தைப் பாதியில் விழுங்கினார். இறந்தவருக்கான செபம் அது.

"எனக்காகவோ?" என்று மெல்லக் கேட்டாள் மச்சாள்.

அம்மாதான், "ஓம் பிள்ளை. உனக்காகத்தான்" என்றார்.

அவள் பையை இறக்கிவைத்துவிட்டு, வியர்வையோடு, என் பக்கத்தில் முழந்தாளிட்டாள். தெரிந்த இடங்களில் தமிழிலும் தெரியாத இடங்களில் பிரெஞ்சிலும் செபித்தாள். தன் தகப்பனுடைய ஆன்மாவுக்காகத்தான் முழந்தாளில் நிற்கிறாள் என்று அந்த அறையில் அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

இன்றைக்கு யோசித்தால், அந்தப் பெரியவர்கள் ஒருவரும் கெட்டவர்கள் இல்லை. நாட்டைவிட்டு ஓடிவந்தவர்கள், கெட்ட செய்தியைச் சிறுகச் சிறுகத்தான் விழுங்கமுடியும் என்று பழகியவர்கள். ஆனால் அவர்கள் போட்ட கணக்கு முழுவதும் அவள் தோற்பாள் என்பதன்மேல் நின்றது. அவளை அவ்வளவு நேசித்தார்கள், வெல்லக்கூடியவள் என்று மட்டும் ஒருவரும் நம்பவில்லை. எனக்குப் பொறுக்க முடியாதது அதுதான்.

அவள் இரண்டாம் சுற்றிலும் வென்றாள். அதற்கடுத்த சுற்றிலும் வென்றாள். ஒவ்வொரு வெற்றிக்கும் அம்மா ஒரு சுற்று மெலிந்தார். அப்பா கீழே பொது ரெலிபோனில் பரிஸுக்குப் பேசிவிட்டு வந்து சொன்னார், உடலை இதற்கு மேல் வைத்திருக்க முடியாதாம், வெள்ளி காலை அடக்கமாம். பரிஸ் மாமி அழுது களைத்து, "இனி என்ன செய்யிறது? அவள் விளையாடட்டும். இவர் பாத்துக்கொண்டுதானே இருப்பார்" என்றாராம்.

வெள்ளிக்கிழமை காலிறுதி. பெரிய அரங்கம், ஆயிரக்கணக்கில் சனம். மச்சாள் அன்று நிலத்தில் கால் பாவாமல் ஆடினாள். முதல் செற்றை வென்றாள். பிறகு தோள் விட்டுவிட்டது. கடைசிப் பந்து வலையில் விழுந்தபோது சனம் எழுந்து நின்று அவளுக்குக் கைதட்டியது. அவள் அழவில்லை. எங்களைப் பார்த்துச் சிரித்துக் கை காட்டினாள். அம்மா ஒரு கிழமையாக அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. பரிஸில் அப்போது அடக்கம் முடிந்து, வந்த சனம் வீடு திரும்பியிருக்கும்.

எங்கள் குசினியில் வைத்துத்தான் சொன்னார்கள். அப்பா சொன்னார். அம்மாவால் முடியவில்லை. மச்சாள் கதிரையில் இருந்தபடி சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

"எப்ப?"

"போன சனி," என்றார் அப்பா.

அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொன்றாக அவளுக்கு விளங்கி வருவதை முகத்தில் கண்டேன். சட்டிகள், செபம், ரெலிபோன் வயர். "அடக்கம் எப்ப?" என்று கேட்டாள். அதையும் அப்பா சொன்னார்.

"அப்ப, முதல் நாளே தோத்திருந்தா அப்பான்ர முகத்தைப் பாத்திருப்பன்," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். சத்தம் போட்டிருந்தால், ஒரு சட்டியைத் தூக்கி எறிந்திருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எழுந்து பல்கனிக்குப் போனாள். நான் பின்னால் போனேன். கொடியில் காய்ந்து விறைத்துப்போயிருந்த வெள்ளைக் காலுறைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுகளில மண் இருந்தது," என்று என்னிடம் சொன்னாள். அடுத்த நாள் போய்விட்டாள். காலுறைகளை எடுத்துக்கொண்டு போகவில்லை. எங்கள் வீட்டில் அவை கனகாலம் கிடந்தன. வீடு மாறியபோது எங்கேயோ தொலைந்துவிட்டன.

இணையத்தில் அவளுடைய பெயரைத் தட்டினால் ஒரு பக்கம் வரும். பிரெஞ்சுத் தொழில்முறை ரெனிஸ் ஆட்டக்காரி. வலது கை. ஓய்வு பெற்றவர். இரட்டையர் ஆட்டத்தில் இரண்டு சின்னக் கிண்ணங்கள், தோளில் சத்திரசிகிச்சை, அதன் பிறகு கீழே கீழே இறங்கும் தரவரிசை. மிகச் சிறந்த பெறுபேறு என்ற இடத்தில் ரொறன்ரோ, காலிறுதி என்று இருக்கிறது. அதைக்கொண்டுதான் அவளுக்கு உதவி நீடித்தது, இன்னும் பத்து வருடம் ஆட முடிந்தது. ஆனால் ரொறன்ரோவுக்கு அவள் திரும்பவும் ஆட வரவில்லை. நத்தாருக்கு ரெலிபோன் எடுப்பாள். எடுத்தால் வீட்டில் உள்ள ஒவ்வொருவருடைய குரலையும் கேட்க வேண்டும். அப்பா நித்திரை என்றால், எழுப்பச் சொல்லுவாள். அப்பா செத்தபோது அவளுக்குத்தான் நான் முதலில் எடுத்தேன்.

அம்மாவுக்கு இப்போது மறதி. வரவேற்பறையில் ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டு வைத்திருக்கிறேன். நாளுக்கு ஒரு தடவையாவது, "அண்ணை ஏன் ரெலிபோன் எடுக்கேல்லை?" என்று கேட்பார். நான் உண்மையைச் சொல்லுவேன். அந்தக் கிழமையைக் கண்டவள் நான், யாருக்கும் எதையும் மறைப்பதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். மாமா செத்துக் கனகாலம் அம்மா என்பேன். அம்மா அப்போதுதான் கேள்விப்படுவதுபோல வாய்விட்டு அழுவார். மறுநாள் திரும்பவும் கேட்பார், திரும்பவும் அழுவார். உங்களுக்கு இது விளங்கும், நீங்களும் யாரையாவது பார்த்துக்கொண்டுதான் இருப்பீர்கள். உண்மை சொல்லிச் சொல்லி நான் களைத்துப்போனேன்.

இந்த ஓகஸ்டில் மச்சாள் வந்தாள், ஓர் இளம் ஆட்டக்காரிக்குப் பயிற்சியாளராக. ஹோட்டலில் தங்கியவள் ஒரு பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தலை நரைத்திருந்தது. வலது கை இன்னும் தடிப்பு. நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வர, அம்மாவின் கட்டிலடியில் கதிரை போட்டு இருந்தாள். அம்மா அவளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவின் மூக்கு அவளுக்கு.

"நீ அண்ணையின்ர ஆளோ?"

"ஓம் மாமி."

"அண்ணை எங்க? கனநாளா ஒரு ரெலிபோனும் இல்லை."

நான் தட்டோடு நின்றேன். மச்சாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அம்மாவின் கையை எடுத்துத் தன் வலது கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அப்பா லூர்துக்குப் போட்டார் மாமி."

அம்மாவின் முகம் தெளிந்தது. "எனக்காகவோ?"

"ஓம். உங்களுக்காகத்தான்."

"அப்ப வந்த உடன எடுக்கச் சொல்லு."

"சொல்லுறன் மாமி," என்றாள்.

அம்மா அன்று அழவில்லை. நான் தேத்தண்ணியை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.